அன்பார் கோத்திரங்களும் அமெரிக்கப் படையும்: கேள்வி பதில்

கேள்வி: ஈராக்கின் அன்பார் மாகாணத்தில் அமெரிக்கரை எதிர்த்துப் போரிட்ட கோத்திரங்கள் 2006இல் அவர்களோடு சேர்ந்தது பணத்துக்காகவா?

பதில்: பணம் பிறகு வந்தது. கோத்திரங்களின் பிழைப்பாக இருந்த நெடுஞ்சாலை வருமானத்தில் அல்-காயிதா கைவைத்தது. எதிர்த்த ஷேக்குகளை, அதாவது கோத்திரத் தலைவர்களை, கொன்றது. 2006 ஆகஸ்டில் அல்பு அலி ஜாசிம் கோத்திரத்தின் ஷேக் காலிதைக் கொன்றதோடு, உடலையும் ஒப்படைக்காமல் மறைத்தது. விரைந்து நல்லடக்கம் செய்வதைக் கடமையாகக் கருதும் மக்களுக்குக் கொலையைவிட இது பெரிய அவமதிப்பு. அடுத்த மாதமே மாகாணத் தலைநகர் ரமாதியில் ஷேக் அப்துல் சத்தார் அபூ ரிஷா 'சஹ்வா' (விழிப்பு) இயக்கத்தை அறிவித்தார். கர்னல் ஷான் மக்ஃபார்லண்டின் படைப்பிரிவு அதற்குத் துணைநின்று, கோத்திர இளைஞர்களை அவரவர் ஊரிலேயே பணிபுரியும் போலீசாராகச் சேர்த்தது. குடும்பத்தைக் காவலின்றி விட்டுவிட்டு வெளியூர் செல்ல அஞ்சியவர்கள் அதன் பின்னரே முன்வந்தார்கள். என் பார்வையில் அந்தப் படை செய்தவற்றுள் மிகச் சிறந்தது இதுவே.

கேள்வி: ஒரு ஷேக்கை வசப்படுத்தினால் கோத்திரம் முழுவதும் பின்னால் வந்துவிடுமா?

பதில்: வராது. வழக்குத் தீர்ப்பதிலும், தம் மக்களுக்கு வேலையும் பாதுகாப்பும் பெற்றுத் தருவதிலும்தான் ஷேக்கின் சொல்லுக்கு மதிப்பு உண்டாகிறது. சதாம் 1990களில் தமக்கு வேண்டியவர்களை ஷேக்குகளாக உயர்த்தினார். ஊர் அவர்களை மதிக்கவில்லை. மாறாக, அபூ ரிஷா முதல்வரிசை ஷேக் அல்லர். மூத்தவர்கள் பலர் ஜோர்டானுக்குப் போய்விட்ட வேளையில் ஊரில் நின்றதே அவருக்குச் செல்வாக்கைத் தந்தது. 2007 செப்டம்பர் 13 அன்று குண்டுவெடிப்பில் அவர் கொல்லப்பட்டார்.

கேள்வி: படையினரால் பொதுமக்கள் இறந்தபோது கொடுத்த இழப்பீடு ஏன் பகையைத் தீர்க்கவில்லை?

பதில்: அமெரிக்கர் கொடுத்த தொகை, பொறுப்பை ஏற்பதாகாது என்ற நிபந்தனையோடு வந்தது. கோத்திர வழக்கிலோ பெரியவர்கள் நேரில் சென்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு, உடன்பாடு கண்டால்தான் பகை தீரும்.

கேள்வி: பிற்பாடு அந்தக் கூட்டணி என்னவாயிற்று?

பதில்: சஹ்வா பிற பகுதிகளுக்கும் பரவியபின், அமெரிக்கர் தந்த மாதம் ஏறத்தாழ 300 டாலர் ஊதியத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் அதன் காவல் குழுக்களில் சேர்ந்திருந்தனர். 2008 அக்டோபர் முதல் அவர்கள் பாக்தாத் அரசிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் 20 விழுக்காட்டினருக்குப் பாதுகாப்புப் படைகளில் இடமளிப்பதாக அரசு சொல்லியிருந்தது. ஆனால் ஊதியம் தாமதமாயிற்று, பலர் கைதானார்கள். கோத்திரங்களுக்கு வாக்களித்தது அமெரிக்கர், நிறைவேற்ற வேண்டியது பாக்தாத் அரசு என்ற அந்த ஏற்பாட்டை நான் நேர்மையானதாகக் கருதவில்லை. 2014இல் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) படை நெருங்கியபோது ஆயுதம் கேட்டும் போதிய உதவி பெறாத அல்பு நிம்ர் கோத்திரத்தில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்.