வாத்தியார் பதில்கள்: லயத்து ஓட்டு யாருக்கு?

கே: ரிசல்ட் வந்ததுமே யூனியன்காரர், "உங்க எஸ்டேட் டிவிஷன் நமக்குப் போடலியே" என்கிறார். ஓட்டு ரகசியம் இல்லையா ஐயா?
(கொழுந்து எடுக்கும் பெண், தேவிகுளம்)

ப: நீங்கள் போட்டது ரகசியம்தான் அம்மா. உங்கள் பூத் போட்டது ரகசியமில்லை. மெஷினை ஒவ்வொன்றாக எண்ணும்போது ஏஜென்ட்டுகள் குறித்துக்கொள்வார்கள். அப்புறம் தேர்தல் முடிவை எழுதும் படிவம் 20-ல் பூத் வாரியாகவே ஏறிவிடும். மெஷினுக்கு முந்தைய வாக்குச்சீட்டுக் காலத்தில், தேர்தல் ஆணையம் சொன்ன இடங்களில் பல பூத் சீட்டுகளைக் கலந்துதான் எண்ணினார்கள். பல மெஷின்களின் ஓட்டை மொத்தமாகக் கூட்டிக் காட்டும் 'டோட்டலைசர்' வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008-ல் கேட்டது. சட்ட ஆணையமும் 2015-ல் ஆமோதித்தது. வரத்தான் இல்லை. நாலைந்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ஒரு பூத் என்றிருக்கிற மலையில் இது சின்ன விஷயமா? உங்களிடம் அவர் கேட்பது வாயைக் கிளறத்தான். சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்குங்கள்.

கே: படிவம் 20-ஐ வைத்து புராஜெக்ட் செய்கிறேன். தமிழர் அதிகமுள்ள பூத்துகளில் ஒரு கட்சி முந்துகிறது. தமிழர் ஓட்டு அந்தக் கட்சிக்கே என்று எழுதலாமா?
(கல்லூரி மாணவர், மூணாறு)

ப: எழுதாதே தம்பி. அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கை வைத்து ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1950-ல் ஒன்றைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமிருந்த மாநிலங்களில் எழுத்தறிவு கூடுதல். ஆளாளாகப் பார்த்தால் அவர்களிடம்தான் எழுத்தறிவு குறைவு! உள்ளூர்க்காரர்கள் நன்றாகப் படித்திருந்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

உன் பூத்திலும் பஜார் கடைக்காரர்கள், ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் மலையாளிகள் எல்லாம் இருப்பார்கள். கட்சியைத் தூக்கிவிட்டது அவர்களாகவும் இருக்கலாம். அதுவும் போக, தமிழர் எல்லாம் ஒரே ஓட்டா? 2015-ல் மூணாறு தேயிலைத் தோட்டத்து போனஸ் போராட்டத்தில் பெண்கள் எல்லா யூனியன்களையும் ஒதுக்கினார்கள். அதே ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் பொம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் நின்று சில இடங்களில் ஜெயித்தார்கள். புருஷன் யூனியனில், பெண்டாட்டி ஒருமையில் என்றிருந்த வீடுகள் எனக்கே தெரியும். அதை எந்தப் படிவமும் காட்டாது.

வீடு வீடாகப் போ. லோக்நிதி என்ற தேர்தல் ஆய்வு அமைப்பினர் ஒரு போலி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, குறித்து மடித்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். நீயும் அப்படிச் செய். யூனியன்காரரைத் துணைக்குக் கூட்டிப் போகாதே.

கே: போடியிலும் மூணாறிலும் என் பெயர் இருக்கிறது. ரெண்டிலும் போடலாமா?
(வாசகர், போடி)

ப: ரெண்டு தொகுதியில் போட்டால் ரெண்டு ஓட்டுமே செல்லாது. படிவம் 7 கொடுத்து ஒரு பெயரை எடுத்துவிடுங்கள்.