கரப்பான் உள்ள குழந்தையைக் கிருமிநாசினியில் குளிப்பாட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான். கிருமி தொற்றக்கூடாது என்று குளிக்கிற தண்ணீரில் டெட்டால் இரண்டு மூடி ஊற்றுகிறேன். எரியுது என்று அழுகிறான். நிறுத்தலாமா?

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள். அவன் அடம்பிடிக்கவில்லை, நிஜமாகவே எரிகிறது. கரப்பான் வந்த தோல் ஈரத்தைப் பிடித்துவைக்காது. டெட்டால், சாவ்லான், கிருமிநாசினி சோப்பு எல்லாம் அதை இன்னும் காயவைக்கும். காய்ந்தால் அரிக்கும், அரித்தால் சொறிவான். நீங்கள் பயப்படுகிற கிருமி நுழைவது அந்தச் சொறிந்த இடத்தில்தான். கரப்பான் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி பெரும்பாலும் இருக்கும். இருப்பதாலேயே அது தொற்று ஆகிவிடாது. கரப்பான் அடங்கினால் அதுவும் குறையும்.

வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை இல்லாத மென்மையான சோப்பு, துண்டால் ஒற்றியெடுத்த உடனே ஈரப்பதக் களிம்பு. இவ்வளவு போதும். களிம்பில் கஞ்சம் வேண்டாம். உடம்பு முழுக்கப் பூசினால் வாரத்துக்கு 250 கிராம்கூடச் செலவாகும்.

நீர் வடிகிற கரப்பான் மட்டும் வேறு கணக்கு. அதற்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்ற கருஊதாப் படிகத்தைக் கரைத்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டுவைக்கச் சொல்வோம். தண்ணீர் வெளிறிய ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும், கத்தரிப்பூ நிறம் வந்தால் கொட்டிவிடுங்கள். கரையாத ஒரு துணுக்கு ஒட்டினாலும் தோல் வெந்துவிடும், அதனால் துணியில் வடிகட்டுங்கள். நகம் பழுப்பாகாமல் இருக்க முதலில் வாசலின் தடவுங்கள். வடிவது நின்றதும் இதையும் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் தோல் வறண்டுபோகும். வாயில் போட்டால் ஆபத்து, டப்பா பையன் கைக்கு எட்டக்கூடாது. டாக்டர் வடிகிற இடத்தைப் பார்த்துச் சொன்னால் மட்டுமே இதெல்லாம்.

கிருமிநாசினியைவிட எனக்குப் பெரிய கவலை மெடிக்கல் ஷாப் டியூப்தான். "கரப்பானா? இதைப் போடுங்க" என்று எடுத்துக் கொடுப்பார்களே, அதில் வீரியமான ஸ்டீராய்டு (தோல் அழற்சியை அடக்கும் மருந்து), ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்திருக்கும். இரண்டே நாளில் அடங்கும், விட்டால் திரும்பும், மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே விதியை இறுக்கினார்கள். விதி காகிதத்தில் இருக்கிறது, டியூப் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் ஐந்து நிமிடம் செலவழித்து எழுதுகிற சீட்டைக் கடைக்காரர் அரை நிமிடத்தில் மாற்றிவிடுகிறார், கேட்க ஆள் இல்லை. ஸ்டீராய்டே கெட்டது என்று சொல்லவில்லை. வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ற மென்மையான களிம்பு, சொன்ன நாள்வரை பூசினால் பாதுகாப்பானதுதான். டியூபின் அட்டையோடு வாருங்கள், என்ன பூசினீர்கள் என்று பார்த்துக்கொள்கிறேன்.

மஞ்சள் பொருக்கோ சீழோ வந்தால் ஓரிரு நாளில் காட்டுங்கள். காய்ச்சலோடு ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், குத்தியெடுத்த மாதிரி புண்கள் தெரிந்தால் அது ஹெர்ப்பஸ் வைரஸாக இருக்கலாம். இரவானாலும் சரி, நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.