ஒரே மேசை – கடிதம்

அன்புள்ள ஐயா,

இயேசுவின் கடைசி உணவை நினைத்து அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து, நினைவுகூரல் மட்டுமே என்று போதிக்கும் சபையில் வளர்ந்தவன் நான். மனைவி கத்தோலிக்கர். அவர்களுடைய திருப்பலி வழிபாட்டில் அவள் எழுந்து சென்று, இயேசுவின் உடலாகவே மாறியதென்று அவர்கள் நம்பும் அப்பமான நற்கருணையை வாங்கும்போது நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். படித்தவர்கள் ஓர் அப்பத்துண்டின் முன் எப்படி மண்டியிடுகிறார்கள்? யார் சொல்வது வேதத்துக்கு நெருக்கமானது? திராட்சை ரசம் புளித்ததாக இருக்க வேண்டுமா?

அன்புள்ள நண்பருக்கு,

ரசத்தைப் பற்றி உங்கள் போதகரிடம் கேளுங்கள். நீங்கள் தனியாக உட்கார்ந்திருப்பது எனக்கு வலிக்கிறது. ஆனால் மண்டியிடுபவர்களைப் பற்றி அப்படி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தோற்றம் அப்படியே இருக்க அப்பத்தின் உட்பொருள் மாறுகிறது என்பதை இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் எவ்வளவு நுட்பமாக வாதிட்டார் என்று படித்திருக்கிறீர்களா? ஏற்க வேண்டாம். ஏளனம் செய்யாதீர்கள்.

கடிதம் வந்தபோது நான் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் இதே கேள்வியின்மேல் நடந்த விவாதத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 1529 அக்டோபரில் ஹெஸ்ஸேயின் பிரபு பிலிப், கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்தவாதிகளான ஜெர்மனியின் லூத்தரையும் சுவிட்சர்லாந்தின் ஸ்விங்லியையும் தன் கோட்டையில் பேசவைத்தார். லூத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் 'இது என் சரீரம்' என்ற இயேசுவின் வார்த்தையை லத்தீனில் எழுதித் துணியால் மூடிவைத்தார். 'மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது' என்ற யோவான் வசனத்தை விடாமல் பிடித்துக்கொண்டார் ஸ்விங்லி. ஆதாரம் கேட்டபோது லூத்தர் துணியை விலக்கிக் காட்டினார். முடிவில் எழுதப்பட்ட 15 கூற்றுகளில் 14-இல் இருவருக்கும் முழு உடன்பாடு. கடைசிக் கூற்றிலும் உடலும் இரத்தமும் அப்பத்திலும் ரசத்திலும் மெய்யாகவே இருக்கின்றனவா என்ற ஒன்றுதான் மிஞ்சியது. அந்த ஒன்றுக்காக, ஸ்விங்லி கண்ணீரோடு கேட்ட சகோதர உறவை லூத்தர் மறுத்தார். இரண்டு ஆண்டுகளில் ஸ்விங்லி சுவிட்சர்லாந்தில் நடந்த காப்பல் போரில் மாண்டார். ஐரோப்பா அளவில் இவ்விரு மரபுச் சபைகளும் ஒரே மேசைக்கு வர, 1973-இன் லாய்ன்பெர்க் உடன்படிக்கை வரை ஆயிற்று. நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை எடுங்கள். அங்கே அவர் எதற்காகச் சீறுகிறார்? திருவிருந்துக்குக் கூடும்போது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள். இல்லாதவர்கள் வெறும் வயிற்றோடு நிற்கிறார்கள். 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.' வெறி என்றால் குடிவெறி. இதுதான் குற்றம். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதுதான் அவர் சொல்லும் பரிகாரம். அப்பம் எப்படி உடலாகிறது என்று அந்த அதிகாரத்தில் ஒரு விளக்கமும் இல்லை.

கர்த்தருடைய சரீரத்தை நிதானித்தறியாமல் உண்பவன் தனக்கே தண்டனைத் தீர்ப்பை வருவித்துக்கொள்கிறான் என்னும் 29ஆம் வசனத்தைக் காட்டி, அது அப்பத்தைப் பற்றியது என்று என்னை மடக்கப் பார்ப்பீர்கள். எல்லாச் சபையாரும் அதைத்தான் செய்கிறார்கள். 17 முதல் 34 வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு, அது பசித்தவனை விட்டுவிட்டுத் தின்றவர்களைப் பற்றியதல்ல என்று எனக்கு எழுதுங்கள்.