வீட்டாரும் நண்பர்களும் இரட்சிக்கப்பட எப்படி ஜெபிப்பது, எதுவரை ஜெபிப்பது?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது: வீட்டில் நீங்கள் மட்டும்தான் இயேசுவை ஏற்றுக்கொண்டவர். அப்பா, அம்மா, தம்பி, கூடப் படித்த சிநேகிதர்கள் எல்லோரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்று பல வருடமாக ஜெபிக்கிறீர்கள். யாரிடமும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஜெபிக்கும் விதத்தில் குறையா, இன்னும் எதுவரை ஜெபிப்பது என்று கேட்கிறீர்கள்.

நானும் உங்கள் நிலையில் இருப்பவள்தான். எங்களுக்குக் குடியாத்தம், லுங்கி நெய்கிற குடும்பம். வேலூரில் கல்லூரியில் படித்தபோது விசுவாசத்துக்கு வந்தேன். இப்போது காட்பாடியில் பள்ளிக்கூட டீச்சர். அம்மா, அண்ணன், அண்ணி ஊரில் இருக்கிறார்கள். யாரும் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. "ஜெபித்தேன், குடும்பமே வந்துவிட்டது" என்ற சாட்சி என்னிடம் கிடையாது. ஆனால் இந்த ஜெபத்தை நான் விடவில்லை, விடுவதாகவும் இல்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தோளிலிருந்து ஒன்றை இறக்கி வைக்க வேண்டும். சபையில் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள்: "உன் சாட்சி சரியாக இருந்தால் வீட்டார் எப்போதோ வந்திருப்பார்களே!" இந்த ஒரு பேச்சைக் கேட்டு இரவெல்லாம் அழுத பெண்களை எனக்குத் தெரியும். யோவான் 7:5ஐ எடுத்துப் பாருங்கள். இயேசுவின் சகோதரரே அவரை விசுவாசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. ஒரே வீட்டில் உண்டு உறங்கி வளர்ந்தவர்கள், பாவமே அறியாதவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள், அவர்களே நம்பவில்லை. அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி அவரைப் பிடித்துக்கொண்டு போகவே சொந்தக்காரர்கள் வந்தார்கள் என்கிறது மாற்கு 3:21. அவருடைய சாட்சியில் குறை சொல்வோமா?

பிற்பாடு நடந்ததையும் பாருங்கள். உயிர்த்தெழுந்தவர் அந்தச் சகோதரரில் ஒருவரான யாக்கோபுக்குத் தரிசனமானார். அப்போஸ்தலர் 1:14இல் மேல்வீட்டில் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே தாய் மரியாளோடு அந்தச் சகோதரர்களும் இருக்கிறார்கள். "என்னை அனுப்பின பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்" என்று சொன்னவர் ஆண்டவரே. இழுக்கிறவர் பிதா என்பதால்தான் அவரிடம் போய்க் கேட்கிறோம். நம் நல்ல பெயரால் ஆகிற காரியம் என்றால் ஜெபமே தேவைப்படாது.

இனி எப்படி ஜெபிப்பது என்பதற்கு வருகிறேன். அண்ணனுக்காக ஜெபிப்பது வேறு, அண்ணன் என் சபையில் வந்து உட்கார வேண்டும் என்று ஜெபிப்பது வேறு. முதல் ஜெபத்தில் அவருடைய கடன், தூக்கம், பிள்ளைகளின் படிப்பு, வெளியே சொல்லாத பயம் எல்லாம் உள்ளே வந்துவிடும். அவருடைய இரட்சிப்பும் அதில் எல்லாவற்றுக்கும் மேலாக இருக்கும். இரண்டாவது ஜெபத்தில் அண்ணனைவிட நான்தான் அதிகமாக இருப்பேன். ஆளை முழுசாக எடுத்துக்கொண்டு தேவ சமுகத்துக்குப் போங்கள். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இதுதான்.

நம் ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு ஜெபம் உண்டு. "ஆண்டவரே, அடித்தாவது கொண்டு வாரும், உடைத்தாவது கொண்டு வாரும்." தொழில் படுத்தாலும் சரி, ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் சரி, வந்தால் போதும் என்ற அர்த்தத்தில் சொல்கிறார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள் என்பது தெரியும். ஆனாலும் இந்த ஜெபத்தைத் தயவுசெய்து ஜெபிக்காதீர்கள். இதைத் தினமும் சொல்லச் சொல்ல, சொந்தத் தம்பியின் சறுக்கலுக்காக மனசு காத்திருக்க ஆரம்பிக்கும். அவனுக்கு வேலை போனால், "பாரு, ஆண்டவர் கிரியை செய்கிறார்" என்று உள்ளே ஒரு சந்தோஷம் வரும். அது கிறிஸ்துவின் சிந்தை இல்லை. சமாரியர் கிராமம் தங்களை ஏற்றுக்கொள்ளவில்லை என்றதும் வானத்திலிருந்து அக்கினி இறங்கட்டுமா என்று கேட்ட சீஷர்களான யாக்கோபையும் (இவர் வேறு யாக்கோபு) யோவானையும் இயேசு அதட்டினார். பவுல் ரோமர் 9:3இல் கேட்டதோ நேர் எதிரானது. தன் சொந்த ஜனத்துக்குப் பதிலாகத் தானே சபிக்கப்பட்டவனாக வேண்டுமானாலும் சம்மதம் என்கிறார். இயேசு சொன்ன, வீட்டை விட்டுப் போன இளைய குமாரன் கதையில் பஞ்சம் வந்தது உண்மைதான். அந்தப் பஞ்சத்தைத் தகப்பன் கேட்டு வாங்கியதாக ஒரு வரியும் இல்லை. மகன் தூரத்தில் வரும்போதே அவர் கண்ணில் பட்டுவிடுகிறான், அவ்வளவுதான் சொல்லியிருக்கிறது.

வேலூரில் இருக்கிற நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. வியாதியோடு வருகிறவர்களின் ஊர் இது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பைலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் குடும்பங்களைத் தினமும் பார்க்கிறோம். அவர்களிடம் "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு "பரவாயில்லை, டீ வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்கிற ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அவரிடம் நான் கற்றுக்கொண்டது அதிகம். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த வைத்திய வேலைதான் இன்று இவ்வளவு பெரிதாக நிற்கிறது. ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய என்ற ஆண்டவருடைய வார்த்தைதான் அதன் குறிக்கோள். படுத்திருக்கிறவரிடம் நெருக்கிப் பேசுவது அதில் சேராது. உங்கள் அப்பா நாளை படுக்கையில் விழுந்தாலும் இது நினைவில் இருக்கட்டும்.

என்ன கேட்பது? பவுல் பேசியதைக் கேட்ட லீதியாள் என்ற பெண்ணின் இருதயத்தைக் கர்த்தர் திறந்தார் என்று அப்போஸ்தலர் 16:14 சொல்கிறது. பேர் சொல்லி அதைக் கேளுங்கள். அடுத்து, உங்களைத் தவிர வேறு ஒருவரை அவர்கள் வழியில் அனுப்பும்படி கேளுங்கள். தங்கச்சி சொல்லி அண்ணன் கேட்கிற வழக்கம் நம் வீடுகளில் குறைவு. கூட வேலை செய்கிறவர், லாரி ஓட்டுகிற நண்பர், யாரோ ஒருவர் சொன்னால் காது கொடுப்பார்.

பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனின் தாய் மோனிக்காவின் கதை இந்த இடத்தில்தான் எனக்குப் பெரிய பலம். வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் இருந்த குடும்பம். மகன் பத்தொன்பது வயதிலேயே ஒளி, இருள் என்று இரண்டு சக்திகளைப் போதித்த மானிக்கேய மதத்தில் சேர்ந்துவிட்டான். அவனோடு வாதாடித் திருத்துங்கள் என்று ஒரு ஆயரிடம் போய் அழுதாள். அவர் மறுத்துவிட்டார். இப்போது பேசினால் ஏறாது, விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணு என்று அனுப்பினார். 383இல் மகன் ரோமுக்குக் கப்பலேறப் பார்த்தான். போக விடாதேயும் என்று அவள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றாலயத்தில் இரவு முழுக்க ஜெபித்தாள். அவன் அந்த இரவிலேயே அவளை ஏமாற்றிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான். அவள் கேட்டது அப்படியே மறுக்கப்பட்டது. ஆனால் அந்தப் பயணம்தான் அவனை மிலான் நகரத்துக்கும் ஆயர் அம்புரோசிடமும் கொண்டு சேர்த்தது. 387 ஈஸ்டரில் அம்புரோசின் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றான். மோனிக்கா அதைப் பார்த்துவிட்டு அதே வருடம் ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியாவில் கண்ணை மூடினாள். அந்த இரவு கப்பல் போன திசையைப் பார்த்து அழுதவளிடம், உன் ஜெபம் கேட்கப்பட்டிருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளா? உங்கள் தம்பி வேறு ஊருக்குப் போகிறான், வேறு கூட்டத்தில் சேருகிறான் என்று பதறும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அவர்களிடமே கேளுங்கள். ஒருநாள் அண்ணனிடம், "உனக்காக தெனமும் ஜெபம் பண்றேண்ணா. எதுக்காகப் பண்ணட்டும், நீயே சொல்லு" என்றேன். பாவு பிணைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "இன்னாத்த சொல்றது? நூலு வெல எறங்கணும்னு வேண்டிக்கோ, போதும்" என்றார். அதை அப்படியே என் ஜெப நோட்டில் எழுதிக்கொண்டேன். நூல் விலை ஏறினால் லுங்கிக்காரன் வீட்டில் எதெல்லாம் நின்றுபோகும் என்று நெசவுக்கார வீட்டில் பிறந்த எனக்குத் தெரியும், அதனால் ஒப்புக்கு ஜெபிக்கவில்லை. பல மாதம் கழித்து அவருடைய சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் இறங்காத ஒரு ராத்திரி, அவராகவே போன் செய்து, "நீ ஜெபம் பண்ணுவே இல்ல, பண்ணு" என்றார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. இதை நான் சாட்சிக் கூட்டத்தில் சொல்லவும் இல்லை. ஆனால் ஆபத்து வேளையில் யாரிடம் கேட்பது என்று அவருக்கு ஒரு இடம் தெரிந்திருக்கிறது. அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம்.

வீட்டுப் பண்டிகைகளைத் தவிர்த்துவிட்டு வீட்டாருக்காக ஜெபிப்பது கடினம் என்பது என் அபிப்பிராயம். எங்கள் ஊரில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்கும். நான் போவேன். பூஜையில் நிற்க மாட்டேன் என்று அம்மாவிடம் முன்பே தனியாகச் சொல்லிவிட்டேன், கூட்டத்தில் வைத்துச் சொல்லவில்லை. அடுப்படியில் நிற்பேன், வெங்காயம் உரிப்பேன், வந்தவர்களுக்குப் பரிமாறுவேன். அம்மா ஒரு தூக்கில் சாப்பாட்டை எடுத்துத் தனியே வைத்திருப்பாள். "படைக்கறதுக்கு முன்னாடியே உனுக்குன்னு எடுத்து வெச்சுட்டேன், துன்னு" என்பாள்! என் மனசாட்சிக்காக, என் ஆண்டவரை இன்னும் அறியாத என் தாய் செய்கிற காரியம் இது. அவளுக்காக ஜெபிக்கும்போது அந்தத் தூக்கும் என் ஜெபத்தில் இருக்கிறது.

ஜெபக்குறிப்பு கொடுக்கும்போது ஜாக்கிரதையாக இருங்கள். வீட்டுக்காரரின் குடி, தம்பியின் காதல், அப்பாவின் கடன் எல்லாவற்றையும் வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் போடுகிறார்கள். அடுத்த வாரம் அது தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். தன் மானம் போன இடத்துக்கு எந்த மனுஷன் வருவான்? "ஒரு ஆத்துமாவுக்காக ஜெபியுங்கள்" என்றால் போதும், பேரைத் தேவன் அறிவார்.

சிநேகிதர்கள் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். என் ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலி சிநேகிதி முஸ்லிம். ரம்ஜான் மாதத்தில் எனக்கு நோன்புக் கஞ்சி வரும். அவளுக்காக நான் ஜெபிப்பது அவளுக்குத் தெரியும். எனக்காக அவள் துவா செய்வது எனக்கும் தெரியும். இருவரும் மறைக்கவில்லை, அதனால் நட்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ரகசியமாகக் குறி வைத்துப் பழகுவது சிநேகம் ஆகாது. இயேசுவைப் பற்றி அவள் கேட்கும்போது சொல்கிறேன், கேட்காத நாளிலும் சிநேகிதியாகவே இருக்கிறேன்.

"நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்" என்ற வசனம் நம் வீட்டுக் காலண்டர்களில் எல்லாம் தொங்குகிறது. பிடித்துக்கொள்ள வேண்டிய வசனம்தான். ஆனால் அடுத்த வசனங்களையும் வாசியுங்கள். பவுலும் சீலாவும் அதைச் சொன்னது ஒரு சிறைச்சாலைக்காரனிடம். அவன் வீட்டில் எல்லோருக்கும் வசனம் சொல்லப்பட்டது, அவர்களும் விசுவாசித்தார்கள். ஒருவர் விசுவாசம் மற்றவர் கணக்கில் தானாக ஏறவில்லை. "மனைவியானவளே, நீ உன் புருஷனை இரட்சிப்பாயோ இல்லையோ உனக்கு எப்படித் தெரியும்?" என்று 1 கொரிந்தியர் 7:16 கேட்கிறது. இதைக் காலண்டரில் யாரும் போடுவதில்லை. எனக்கு இந்த வசனம் ஆறுதல். தெரியாது என்பதால் கைவிடவும் முடியாது, கட்டாயப்படுத்தவும் முடியாது.

எதுவரை என்றால், அவர்களுக்கும் உங்களுக்கும் மூச்சு இருக்கும்வரை. ஐடா ஸ்கடரின் தாத்தா ஜான் ஸ்கடரின் மனைவி ஹாரியட் அம்மையார் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பிறந்தநாளிலும் உபவாசமிருந்து அந்தப் பிள்ளையின் மனந்திரும்புதலுக்காக ஜெபிப்பார் என்று அவர்கள் குடும்ப வரலாற்றில் சொல்வார்கள். அவர் 1849இல் இறந்துபோனார். மகன்கள் சேர்ந்து ஆற்காடு மிஷனை நிறுவியது 1853இல். வடாற்காட்டில் நாம் பார்க்கிற எத்தனையோ ஆலயங்களும் பள்ளிகளும் அந்த மிஷன் வழியாக வந்தவை. அதைப் பார்க்க அவர் இல்லை. அண்ணன் பிறந்தநாளிலும் அம்மா பிறந்தநாளிலும் மதியம்வரை நான் உபவாசம் இருப்பது இதைக் கேள்விப்பட்ட பிறகுதான்.

நைனா, என் அப்பா, போய்விட்டார். கடைசி நாட்களில் நான் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் 23ஐ வாசிப்பேன், கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஏற்றுக்கொண்டேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவருக்குள் என்ன நடந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். லோத்து இருந்த பட்டணத்துக்காக மன்றாடிய ஆபிரகாம், "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்டான். அந்த நீதியின் கையில் நைனாவை ஒப்படைத்திருக்கிறேன். கடைசி மணி நேரத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குப் பதில் சொன்னவருடைய கையும் அதுதான்.

உங்கள் தம்பிக்கு இப்போது என்ன தேவை என்று அவனிடமே கேட்டு எழுதினால் என் நோட்டில் சேர்த்துக்கொள்கிறேன். பேர் வேண்டாம், தம்பி என்றாலே போதும்.