புயல் நேரத்தில் காதுக்கருவி சார்ஜர் பவர் பேங்கில் பாதியில் நிற்பது

உங்கள் அம்மாவின் காதுக்கருவிச் சார்ஜரைப் பவர் பேங்கில் செருகினால் சில நிமிடத்தில் விளக்கு அணைந்து சார்ஜ் நின்றுவிடுகிறது, பவர் பேங்க் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். பழுதில்லை. அந்தச் சார்ஜர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. போன் நிறைந்து விட்டது என்று நினைத்துப் பவர் பேங்க் தானாக அணைந்து விடுகிறது. சில நிமிடத்தில் விளக்கு அணைவதாக நீங்கள் எழுதியிருப்பதும் அதற்குப் பொருந்துகிறது.

சோதிக்க, இன்னொரு போர்ட்டில் ஒரு போனையும் செருகிப் பாருங்கள். இப்போது நிற்காவிட்டால் காரணம் உறுதி. பல பவர் பேங்குகளில் இயர்போன், வாட்ச் போன்றவற்றுக்கென்று குறைமின் முறை உண்டு. பட்டனை இருமுறை அழுத்தினால் வரும் (சிலவற்றில் அழுத்திப் பிடிக்க வேண்டும், கையேட்டைப் பாருங்கள்). அதுவும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடலாம். காதுக்கருவி நிறைய மூன்று நான்கு மணி நேரம் ஆகுமே, நடுவில் மறுபடி அழுத்துங்கள்.

ஆரம்பத்திலேயே சார்ஜ் ஏறாவிட்டால் கேபிளை மாற்றுங்கள். இருபுறமும் டைப்-சி உள்ளது சில சார்ஜர்களுக்கு ஒத்துவராது.

ஒன்று கவனம்: புயலன்று இரண்டு கருவியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். பகலில் ஒவ்வொரு காதாக ஏற்றுங்கள். ஒரு கருவி மட்டும் சார்ஜரில் இருந்தால் அது இழுக்கும் மின்சாரம் இன்னும் குறையும், அதனால் போனைக் கூடவே செருகி வைப்பதுதான் நம்பகம்.