பத்தைவிடப் பன்னிரண்டு சிறியது

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 23 வயது. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. மாதம் இருபதாம் தேதிக்குள் கை காலி. போன், பைக், ஹெட்போன் எல்லாமே தவணை. கேட்டால் "மாசம் கொஞ்சம்தானேப்பா" என்கிறான். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, கட்டியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறான். இந்தத் தலைமுறைக்கே பணத்தின் அருமை தெரியவில்லை. நாங்கள் வீட்டுக்கடன் கட்டும் பாடெல்லாம் அவனுக்குத் தெரியாது, கஷ்டம் காட்டாமல்தான் வளர்த்தோம். பட்ஜெட், சேமிப்பு, முதலீடு பற்றி அவன் படிக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏதாவது வகுப்பில் சேர்க்கலாமா? அவன் ஏடிஎம் கார்டை நானே வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு இரண்டு வரியில் தனியாகப் பதில் போட்டுவிடுவது என் வழக்கம். உங்கள் கடிதம் வந்தபோது உறவுக்காரப் பையன் ஒருவனின் கார்டு பில் என் மேஜையில் கிடந்தது. இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். கொஞ்சம் திட்டவும் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'இந்தத் தலைமுறைக்கே' என்ற பேச்சு வேண்டாம். அன்னமாரியா லுசார்டி, ஒலிவியா மிட்செல் என்ற இரண்டு பொருளியல் பேராசிரியைகள் 2004இல் அமெரிக்காவில் மூன்றே மூன்று கேள்விகள் கேட்டார்கள். ஆண்டுக்கு 2 சதவீத வட்டியில் 100 போட்டு வைத்தால் ஐந்தாண்டில் 102க்கு மேல் இருக்குமா, குறைவாக இருக்குமா என்பது ஒன்று. விலைவாசி வட்டியைவிட வேகமாக ஏறினால் அந்தப் பணத்துக்கு முன்பைவிட அதிகம் வாங்க முடியுமா என்பது இன்னொன்று. மூன்றாவது, பணத்தை ஒரே கம்பெனிப் பங்கில் போடுவதைப் பற்றி. மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கேள்வி கேட்கப்பட்டவர்கள் எல்லோரும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். நம்ம வயசு, ஐயா.

வகுப்பில் சேர்ப்பதென்றால் சேருங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அது தீர்த்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். 2014இல் இப்படிப்பட்ட பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பாடம் நடத்தியதால் நடத்தையில் வரும் மாற்றம் மிகமிகச் சிறியது, அதுவும் நாளடைவில் தேய்ந்துவிடுகிறது என்றார்கள். பின்னால் 2022இல் வேறு சிலர் சோதனைமுறை ஆய்வுகளை மட்டும் தொகுத்துவிட்டு, அவ்வளவு மோசமில்லை, பலன் இருக்கத்தான் செய்கிறது என்றார்கள். அவர்கள் சண்டை அவர்களோடு. முதல் கூட்டம் சொன்ன ஒரு யோசனையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்: முடிவெடுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சொல்லித் தருவதுதான் நிற்கும். உங்கள் மகன் தினமும் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறான். பாடத்துக்கு இதைவிட நல்ல நேரம் வராது.

பட்ஜெட், முதலீடு எல்லாம் அப்புறம். மாதம் 3 சதவீதம் என்று கார்டுக்கு வட்டி கட்டுகிறவன் முதலீட்டைப் பற்றிப் படிப்பதில் அர்த்தமே இல்லை. மாதம் மூன்று என்றால் ஆண்டுக்கு 36 என்று நினைப்போம். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் 42க்கு மேலே போய்விடும். அவ்வளவு சம்பாதித்துத் தரும் முதலீடு இருக்கிறது என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும்.

என் மேஜையில் கிடந்த அந்தப் பில்லில் குறைந்தபட்சத் தொகை தடித்த எழுத்தில் கட்டம் கட்டி இருந்தது. வட்டி விகிதம் பின்பக்கத்தில், கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில். 10,000 பாக்கி, மாதம் 3 சதவீதம் வட்டி, குறைந்தபட்சத் தொகை அந்தந்த மாதப் பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டு அந்தப் பையனையே கணக்குப் போடச் சொன்னேன். முதல் மாதம் கட்டும் 500இல் 300 வட்டிக்கே போய்விடுகிறது. ஓராண்டில் ஏறக்குறைய 5,400 கட்டியிருப்பான். பாக்கி இன்னும் 7,850 பக்கத்தில் நிற்கும். அதுவும் கார்டைத் திரும்பத் தொடாமல் இருந்தால். அவன் ஒன்றும் பேசவில்லை. கால்குலேட்டரை அழித்துவிட்டு இன்னொரு முறை போட்டுப் பார்த்தான்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது "மாசம் கொஞ்சம்தானேப்பா" என்ற வரி. விற்கிறவர்கள் நம் வாயில் வைத்து அனுப்பிய வசனம் அது. சிங்கர் தையல் மிஷின் கம்பெனி 1856லேயே தவணைமுறையில் விற்க ஆரம்பித்துவிட்டது. மிஷினின் முழு விலையைக் கேட்டால் மலைத்துப்போகிறவர்கள், மாதத் தொகையைக் கேட்டதும் சரி என்றார்கள். தவணை கெட்டது என்று நான் சொல்லவில்லை. அந்த மிஷினை வைத்துச் சம்பாதித்தவர்கள் உண்டு. ஆனால் விலையைப் பார்க்க வேண்டிய கண்ணை மாதத் தொகைக்குத் திருப்பிவிட்ட வித்தை அன்றிலிருந்து இன்றுவரை அப்படியே வேலை செய்கிறது.

எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தவர் என் அத்தை. ஒரு கடன் சங்கத்தில் கணக்கெழுதியவர். யாரையும் உட்கார வைத்து உபதேசம் செய்ய மாட்டார், பென்சிலைக் கையில் கொடுத்துவிடுவார். நான் பள்ளியில் படித்தபோது சைக்கிள் வாங்குவதற்கு அப்பா ஒரு தவணைக் காகிதத்தோடு வந்தார். விலை 1,200. வட்டி 10 சதவீதம், அதாவது 120. பன்னிரண்டு தவணை, மாதம் 110. "பத்து வட்டிதான், சங்கத்துலகூடப் பன்னெண்டு" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அத்தை என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொரு மாதமும் கடைக்காரர்கள் பணம் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று வரிசையாக எழுதச் சொன்னார். முதல் மாதம் 1,200. தவணையில் 100 அசலுக்கு, 10 வட்டிக்கு. அடுத்த மாதம் 1,100. அப்புறம் 1,000. இப்படியே இறங்கி, கடைசி வரியில் 100.

"பத்தாவது மாசத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கே?"

"முந்நூறு."

"முந்நூறுதான் உன்கிட்ட இருக்கு. வட்டி எதுக்குக் கட்டறே? ஆயிரத்து இருநூறுக்கு."

பன்னிரண்டு வரியையும் கூட்டி வகுத்தால் சராசரி 650. ஆண்டு முழுக்க நம்மிடம் இருந்தது அவ்வளவுதான். 650க்கு 120 வட்டி என்றால் 18 சதவீதத்தைத் தாண்டுகிறது. வங்கிகள் போடும் முறையில் நுணுக்கிப் பார்த்தாலும் 18 பக்கத்தில்தான் வரும். காகிதத்தில் இருந்தது பத்து. அதில் பொய் என்று சொல்ல ஒரு எழுத்து கிடையாது.

அப்பா சைக்கிள் வாங்கத்தான் செய்தார். சங்கத்தில் குறையும் பாக்கிக்கு 12 சதவீதத்தில் கடன் எடுத்து, ரொக்கம் கொடுத்து வாங்கினார். மொத்த வட்டி 80க்குள் முடிந்தது. பத்து வட்டிக்கு 120, பன்னிரண்டு வட்டிக்கு 80. பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை, நான் தேர்வில் எழுதிய வட்டிக் கணக்கில் எல்லாம் கடனைக் கடைசி நாளில் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் மகனுக்கு இந்த ஒரு கணக்கு கைவந்தால் போதும். எதை வாங்கினாலும் மூன்று கேட்கட்டும். எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுகிறேன்? வட்டி முழு அசலுக்கா, குறைகிற பாக்கிக்கா? இன்றைக்கே ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை? 'வட்டியே இல்லை' என்கிற தவணையில் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வெளியே வரும். ஒன்று ரொக்கத்துக்கு விலை இறங்கும், இல்லை 'கட்டணம்' என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் தாராளமாக வாங்கட்டும்.

இனிமேல்தான் திட்டு. "கஷ்டம் காட்டாமல் வளர்த்தோம்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கஷ்டத்தைக் காட்ட வேண்டாம், கணக்கைக் காட்டியிருக்கலாமே? 23 வயதுப் பிள்ளைக்கு அவன் தூங்குகிற வீட்டின் கடன் பாக்கி எவ்வளவு என்று தெரியாது. உங்கள் சம்பளம் என்ன என்று தெரியுமா? தெரியாது என்றே நினைக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு நீங்களும் உங்கள் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசியதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, பணம் என்பது வெளியே சொல்லக்கூடாத சமாச்சாரம் என்ற பாடம்தான் கிடைத்திருக்கும். இப்போது தன் கார்டு பாக்கியை உங்களிடம் மறைக்கிறான் என்றால் அதை வேறு எங்கே போய்க் கற்றான்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை முகம் வாடக்கூடாது என்று செய்ததுதான், புரிகிறது.

உங்கள் கடன் அட்டவணையை எடுத்து அவன் முன்னால் வையுங்கள். உங்கள் வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 9 சதவீதம், இருபதாண்டு என்றால் 1,00,000க்கு மாதத் தவணை 900. முதல் தவணையில் 750 வட்டி, 150தான் அசல். பத்தாண்டு கட்டி முடித்த பிறகும் 71,000 பாக்கி இருக்கும். பாதிக் காலம் போனால் பாதிக் கடன் போயிருக்கும் என்று நீங்களே நினைத்திருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. வாயால் சொல்லாதீர்கள், அவனையே போடச் சொல்லுங்கள். அவன் கார்டு பில்லைக் கேட்பது அதற்கு அப்புறம்தான்.

ஏடிஎம் கார்டை வாங்கி வைக்காதீர்கள். அவன் சம்பளம், அவன் கார்டு. நீங்கள் பிடுங்கினால் போனில் இன்னொரு கடன் வாங்க அவனுக்குப் பத்து நிமிடம் ஆகாது, அது உங்கள் காதுக்கு வரவும் வராது.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். கார்டு பாக்கி முடியட்டும், திரும்ப எழுதுங்கள்.