டி மேஜரா, டி மைனரா?

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் ஆனால் கிட்டார். மேஜர் ஸ்கேலில் ஒன்று, மூன்று, ஐந்தாம் சுரங்களைச் சேர்த்தால் ட்ரையட் என்று படித்தேன். டி மேஜர் ஸ்கேலில் எடுத்தால் டி, எஃப் ஷார்ப், ஏ வருகிறது. ஆனால் சி மேஜர் பாட்டுகளில் டி மைனர்தான் போட்டிருக்கிறது. எது சரி?

ர.

அன்புள்ள ர.,

இரண்டும் சரிதான். பாட்டு சி மேஜரில் இருந்தால் டி-க்கென்று தனி ஸ்கேல் தேடக் கூடாது. சி-யின் ஏழு சுரங்களை (சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி) வைத்தே டி-யில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்று எடுக்க வேண்டும்: டி, எஃப், ஏ.

கிட்டாரில் டி மேஜர் பிடியுங்கள். முதல் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட்டை (கழுத்தில் உள்ள கட்டத்தை) விட்டு ஒன்றாம் ஃப்ரெட்டை அழுத்துங்கள். டி மைனர் ஆகிவிட்டது. டி-யிலிருந்து எஃப் மூன்று ஃப்ரெட், அங்கிருந்து ஏ நான்கு. சி, ஈ, ஜி-யில் நான்கு முதலில், மூன்று அப்புறம். அதனால் மேஜர். (எண்ணுவதற்கு முன் ட்யூன் பாருங்கள். உங்கள் ஊர்க் குளிருக்குக் கம்பி நிற்காது.)

இதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றேன். குன்னூரில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவோடு வாசித்தபோது, சி மேஜர் பாட்டில் டி மேஜரைப் போட்டுவிட்டேன். ஆல்ட்டோ பாடிய அக்கா பாடுவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

பிறகு தெளிவு தந்தது கர்நாடக இசையின் கிரக பேதம், அதாவது ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தை சட்ஜமாக வைத்துப் பார்ப்பது. கமகத்தை (சுர அசைவுகளை) விட்டுவிட்டால் மேஜர் ஸ்கேலின் சுரங்கள் நம் சங்கராபரணம்தான். அதன் ரிஷபத்தை சட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியா, காந்தாரத்தை வைத்தால் தோடி, தைவதத்தை வைத்தால் நடபைரவி. மூன்றிலும் சாதாரண காந்தாரம் (சட்ஜத்திலிருந்து மூன்று ஃப்ரெட்), ஆகவே டி, ஈ, ஏ மைனர். மத்யமத்தில் கல்யாணி, பஞ்சமத்தில் அரிகாம்போதி. இரண்டிலும் அந்தர காந்தாரம் (நான்கு ஃப்ரெட்), ஆகவே எஃப், ஜி மேஜர். நிஷாதத்தில் மட்டும் மேளம் (ஏழு சுரத் தாய் ராகம்) கிடைக்காது, பஞ்சமம் அமையாது. கிட்டார்க்காரர்களுக்கும் அதே இடத்தில்தான் இடிக்கிறது: பி, டி, எஃப் என்று மூன்றும் மூன்றுமாக ஐந்தாம் சுரம் அரைப்படி (ஒரு ஃப்ரெட்) குறைந்துபோய், அதை டிமினிஷ்டு என்கிறார்கள். இதைக் கண்டுகொண்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்து ஜி மேஜரில் போட்டுப் பாருங்கள். அங்கே டி ஐந்தாம் சுரம். நீங்கள் எழுதிய டி, எஃப் ஷார்ப், ஏ அப்படியே வரும்.